டொராண்டோவில் ஒரு ஏலம்

டொராண்டோவுக்கு வந்த மறுநாளே டிராம் வண்டி என்னைக் கடத்திக்கொண்டு போய்விட்டது. தப்பு வண்டியுடையது அல்ல. இறங்க வேண்டிய இடம் வந்ததும் பின்கதவருகே போய் நின்று, கண்டக்டர் விசில் அடிப்பார், கதவு திறக்கும் என்று காத்திருந்தேன். அந்த ஊர் டிராமில் கண்டக்டரே கிடையாது. என் பின்னால் நின்ற ஒரு பெண்மணி, “கீழே கால் வையுங்க அம்மா,” என்றார். வழி விடச் சொல்கிறார் போலிருக்கிறது என்று மரியாதையாக ஒதுங்கினேன். அவர் படியில் கால் வைத்தார், கதவு தானாகத் திறந்தது, இறங்கினார், கதவு மூடிக்கொண்டது. நான் உள்ளேயே நின்று அவருக்குக் கையசைத்தேன்.

படியில் கால் வைத்தால்தான் கதவு திறக்கும் என்பது வண்டி கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, “வீட்டுக்குப் போகலையா?” என்றார். வீடு மதுரையில் இருக்கிறது என்று சொன்னேன். அது தன்னுடைய பாதையில் இல்லை என்று வருத்தம் தெரிவித்தார்.

அமெரிக்க நாவலைப் பற்றிப் பேசக் கனடாவுக்கு எதற்குப் போகிறாய் என்று எங்கள் கல்லூரியில் எல்லாரும் கேட்டார்கள். கூப்பிட்டவர்கள் கனடாக்காரர்கள், அதனால்தான். பழைய அமெரிக்க நாவல்களில் வரும் அடிமை ஏலக் காட்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தேன். வந்து வாசியுங்கள் என்றார்கள்.

ஒரு மனிதனை மேடையில் ஏற்றி, பல்லைப் பார், தோளைப் பார் என்று மாட்டைத் திருப்புவது போலத் திருப்பிக் காட்டி, தாயை ஒருவனுக்கும் பிள்ளையை இன்னொருவனுக்கும் விற்கிற காட்சி அது. அந்தக் காலத்து நாவல்களில் ஏதாவது ஒரு வடிவில் அடிக்கடி வரும். வருடா வருடம் வகுப்பில் நடத்துகிறேன், வருடா வருடம் முதல் பெஞ்சு அழும். முதல் பெஞ்சு அழாத வருடங்களில் நானே அழுது கணக்கை நேர் செய்துவிடுவேன். ‘ஏலம் விற்கப்படுகிறவனிடமிருந்து மட்டுமல்ல, வாங்குகிறவனிடமிருந்தும் மனிதனைப் பிடுங்கிவிடுகிறது’ என்பது என் கட்டுரையின் கடைசி வாக்கியம். ரொம்ப நல்ல வாக்கியம் என்று எனக்கு அபிப்பிராயம். விமானத்தில் அதை எனக்கு நானே வாசித்துக் காட்டிக்கொண்டேன்.

கருத்தரங்கில் கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. ஜன்னலைச் சாத்தலாமா என்று.

நான் தங்கியது பார்க்டேல் என்ற பகுதியில், ராஜேஸ்வரி வீட்டில். யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து எங்கள் கல்லூரியில் படித்தவள் அவள். கல்யாணமாகிக் கணவர் சிவபாலனோடு இங்கே குடியேறிவிட்டாள். என்னைப் பார்த்ததும் “ரீச்சர்!” என்று கட்டிக்கொண்டு, உடனே ஒரு முழங்கால் உயர பூட்ஸையும் ஆண்கள் கோட்டையும் மாட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். கீழே பட்டாளம், நடுவில் பட்டுச்சேலை, மேலே போலீஸ். மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. அந்தக் கோலத்தில் நான் நடந்து போனதை ஊர் சட்டை செய்யவே இல்லை. மதுரையாக இருந்தால் ஒரு கூட்டமே பின்னால் வந்திருக்கும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் காலத்தில் அங்கே அரிசி மாவு கிடைக்காது என்று கோதுமை மாவை அவித்து இடியப்பம் பிழிந்திருந்தாள். மேற்கிந்தியத் தீவுக்காரர்களின் கடையில் வாங்கிய தேங்காயில் பாலெடுத்துச் சொதிக் குழம்பு. நான் எத்தனை வேளை சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள். இட்லியைப் பற்றி நான் அதுவரை பேசிய பெருமையையெல்லாம் அந்தச் சமையலறையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மூன்றாவது இடியப்பத்தட்டில் சிவபாலன் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். அவர்தான் அங்கிருந்த சின்னத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். கொஞ்சம் யாழ்ப்பாணத்தவர்கள், கொஞ்சம் நம்மூர் ஆட்கள், எல்லாருக்கும் சின்னச் சின்னப் பிள்ளைகள்.

“பிள்ளையள் தமிழ் மறக்குதுகள் ரீச்சர். ஞாயிற்றுக்கிழமையில வகுப்பு வைக்க ஒரு இடமில்லை. எங்கட அப்பார்ட்மென்டில வைச்சம், கீழ் வீட்டுக்காரன் பொலிசைக் கூப்பிட்டிட்டான். இஞ்ச பக்கத்தில ஒரு சேர்ச் ஹோல் இருக்கு, நல்ல பெரிய மண்டபம். அதைத் தாறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்கிறது மிஸஸ் டாசன் எண்டு ஒரு அம்மா. அவ ஓம் எண்டா எங்களுக்கு வகுப்பு இருக்கு, இல்லையெண்டா இல்லை.”

“கேட்டுப் பாக்க வேண்டியதுதானே?”

“அடுத்த கிழமை, சனிக்கிழமை எங்கட விழாவுக்கு ஹோலை ஒரு நாளைக்குத் தந்திருக்கிறா. வந்து பார்த்திட்டுச் சொல்லுறன் எண்டவ. அவ கறுப்பினத்து ஆள் ரீச்சர். நீங்கள் அடிமைகளைப் பற்றின நாவல் படிப்பிக்கிறனீங்கள். ஒரு சின்ன நாடகம் எழுதித் தாங்கோ. அவவின்ர மனம் உருகிப் போயிடும்.”

ராஜேஸ்வரி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். “உங்கட பாட்டனை ஆரோ சவுக்கால அடிச்சதை உங்களுக்கு முன்னால ஒருத்தன் நாடகம் போட்டுக் காட்டினா, நீங்கள் அவனுக்கு ஹோல் குடுப்பியளோ?”

சிவபாலன், “உனக்கு உது விளங்காது,” என்றார். எனக்கும் விளங்கவில்லை என்பதுதான் உண்மை. அதற்குள் மனசில் முதல் காட்சிக்குத் திரை தூக்கிவிட்டேன்.

மறுநாள் மிஸஸ் டாசனைப் பார்க்கப் போனோம். பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் கடை வைத்திருந்தார். அறுபது வயதிருக்கும், பெரிய உருவம், சின்னக் குரல். என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்டார். ‘அமெரிக்க நாவல்களில் அடிமைமுறை’ என்று தொடங்கி, நிறுத்தத் தெரியாமல் பேசினேன். வாடிக்கையாளர் ஒருவரின் தலையைச் சீவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டவர் கடைசியில், “டீயில சர்க்கரை போடலாமா?” என்றார். நன்றாகப் புரிந்துகொண்டார் என்று திருப்தியோடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ராஜேஸ்வரி வீட்டில் எல்லாரும் கூடினார்கள். யாரோ கொழும்பிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார்கள். அதை ஆளுக்கொன்றாகப் பங்கிடுவதாவது! ஏலம் விட்டார்கள். சங்கத்துக்குப் பணம் சேர்க்க அதுதான் வழக்கமாம். ஊர்க் கோயில் திருவிழா முடிந்ததும் பழத்தையும் தேங்காயையும் ஏலம் விடுவதில்லையா, அப்படி.

ஏலம் போட்டவர் கனகு அண்ணை. மருந்துக்கடையில் வேலை. நாளெல்லாம் வாய் திறக்காத மனிதர், முருங்கைக்காயைக் கையில் எடுத்ததும் ஆளே மாறிவிட்டார். “பாருங்கோ, இதின்ர நிறத்தைப் பாருங்கோ! முறிச்சா சத்தம் கேக்கும்! ஒருதரம்! ரெண்டுதரம்! அண்ணை, மனிசியின்ர முகத்தைப் பார்த்திட்டு இன்னும் ஒரு டொலர் ஏத்துங்கோ!” ஜன்னல் கண்ணாடி அதிரச் சிரித்தார்கள். வயிறு வலிக்க நானும் சிரித்தேன். என் ஏலக்காரர் கிடைத்துவிட்டார் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

அந்த வாரம் முழுக்க ஒத்திகை. நான் பாடம் நடத்துகிற நாவல்களையெல்லாம் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து நாடகம் எழுதியிருந்தேன். நல்லவனான ஓர் அடிமை, கெட்டவனான ஒரு துரை, ஏலம், சாட்டையடி, கடைசியில் அடித்த துரையை மன்னித்துவிட்டு அடிமை செத்துப்போவது. கண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

அடிமையாக நடித்தவன் ரஞ்சன், பொறியியல் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பையன். பல்கலைக்கழகத்தில் ஓட்டப்பந்தய வீரன், கம்பம் மாதிரி உயரம். துரை வேஷம் மாம்பலத்து வெங்கட்ராமனுக்கு. ‘கம்ப்யூட்டர்’ என்று ஏதோ ஒரு பெரிய பீரோவோடு வேலை பார்ப்பவர். நம்மூர் மேடை வழக்கப்படி ரோஸ் பவுடர் டப்பாவைத் திறந்தபோதுதான் ஒரு சங்கதி தெரிந்தது. ரஞ்சன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “எனக்கு மேக்கப் தேவையில்லை ரீச்சர்,” என்றான். துரைக்குத்தான் ஒரு டப்பா முழுக்கச் செலவானது. அப்படியும் வெங்கட்ராமன் வெள்ளைக்காரராகவில்லை. மாவரைக்கும் மில்லிலிருந்து வந்தவர் மாதிரிதான் இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபம் நிறைந்தது. மிஸஸ் டாசன் பச்சைத் தொப்பியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். வரும்போதே சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த ஓர் இனிப்பைத் தட்டோடு கொண்டுவந்திருந்தார். நம் ஊரில் வேகவைத்துத் தின்னும் கிழங்குக்கு இப்படியொரு யோகமா என்று வியந்து, திரை தூக்குவதற்குள் இரண்டு துண்டு முடித்துவிட்டேன். சிவபாலன் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார், பிறகு இன்னொரு தடவையும் துடைத்தார்.

ஏலக் காட்சி வந்தது. ஒரு மரப்பெட்டி மேல் ரஞ்சன் நின்றான். இடுப்பில் அவர்கள் சாரம் என்று சொல்லும் ஒரு கைலி மட்டும். கனகு அண்ணை சுத்தியலோடு வந்தார். நான் எழுதிக் கொடுத்த வசனத்தில் இரண்டு வரி சொன்னார். மூன்றாவது வரியில் அவருக்குள்ளிருந்த கோயில் ஏலக்காரர் விழித்துக்கொண்டார்.

“பாருங்கோ, இவன்ர தோளைப் பாருங்கோ! யாழ்ப்பாணத்துச் சாமான்! ஒருதரம்!”

கூட்டத்திலிருந்து ஒரு குரல், “அம்பது டொலர்!” என்றது.

நாடகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அது பார்வையாளர் குரல். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். “அறுபது!” என்றார் இன்னொருவர். “பல்லைக் காட்டச் சொல்லுங்கோ அண்ணை!” “நல்லா மாவாட்டுவானோ?” “எங்கட டிரைவ்வேயில ஸ்நோ அள்ள ஆள் வேணும், எழுபது!” பவுடர் உதிர உதிர வெங்கட்ராமன், “இருங்க சார், நான்தானே வாங்கணும்!” என்று பதறினார். அதற்கும் சிரிப்பு. கை மேல் கை தூக்குகிறார்கள். கனகு அண்ணை ரஞ்சனின் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

திரைக்குப் பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். ஸ்நோ என்றதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

பக்கத்தில் நின்ற ராஜேஸ்வரி என் கையைப் பிடித்தாள். “ரீச்சர், அவனைப் பாருங்கோ. சேட்டைத் தேடுறான்.”

பார்த்தேன். முதலில் ரஞ்சனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். இப்போது இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டு, பெட்டிக்குக் கீழே, திரை ஓரத்தில், எங்காவது தன் சட்டை கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் நடிப்பு ஒரு துளி இல்லை. ‘பல்லைக் காட்டு’ என்று கத்தியவர் அவனோடு ஒரே அறையில் குடியிருக்கும் சிநேகிதன்.

முதல் வரிசையைப் பார்த்தேன். மிஸஸ் டாசனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அந்தப் பெட்டி தெரியும், சுத்தியல் தெரியும், தூக்கிய கைகள் தெரியும். அவர் எழுந்து நின்று கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஏலத்தில் அழுகை இருக்கும் என்று இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கொடுமைக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்கள் என்றே நினைத்திருந்தேன். இல்லை, இப்படித்தான் வாங்கியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரனை விலாவில் இடித்து, கேலி பேசி, நல்ல மனிதர்களாக, குடும்பத்தோடு வந்து. நாவல்களில் அதுவும் எழுதியிருக்கும். அழுகிற பக்கத்துக்குப் போகும் அவசரத்தில் நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

பூட்ஸ் இல்லாமல் மேடையிலிருந்து இறங்கி ஓடினேன். அதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. சிவபாலன் அழுகிற நிலையில் இருந்தார்.

“என்ன நடக்குது?” என்று மிஸஸ் டாசன் கேட்டார்.

“ஏலம்,” என்றேன்.

“அது தெரியுது. அடுத்து அவருக்கு என்ன ஆகும்?”

“துரை வாங்குவார். சாட்டையால் அடிப்பார். அப்புறம் இவர், துரையை மன்னித்துவிட்டு, செத்துப்போவார்.”

மிஸஸ் டாசன் என்னையே பார்த்தார். “நானும் பள்ளிக்கூடத்தில அந்தப் புத்தகங்களைப் படிச்சவதான். நல்லவனா இருந்தா செத்துப்போவான். எழுதினவங்க அழுவாங்க, படிக்கிறவங்க அழுவாங்க, அழுதுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவாங்க. எங்க பூட்டன் அவ்வளவு நல்லவர் இல்லை. முதலாளியோட படகைத் திருடினார். போறபோது ஒரு கோழியையும் திருடினார்னு வீட்டில சொல்லுவாங்க. ஆற்றைக் கடந்து, அடிமைமுறை இல்லாத இந்தப் பக்கம், கனடாவுக்கு வந்தார். அதனாலதான் நான் இங்க தொப்பி போட்டுட்டு நிக்கிறேன்.” தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “உங்க கதையில ஓடக்கூடாதுன்னு யாராவது எழுதியிருக்காங்களா?” என்று கேட்டார்.

“நான் எழுதினதுதான்.”

“அப்ப மாத்துங்க,” என்றவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேடையைப் பார்த்து ஆங்கிலத்தில் சத்தமாகக் கேட்டார். “தம்பி, உனக்கு ஓடத் தெரியுமா?”

ரஞ்சன் ஒரு கணம் முழித்தான். அப்புறம் பெட்டியிலிருந்து குதித்தான் பாருங்கள், பல்கலைக்கழகம் அவனுக்குக் கொடுத்த கோப்பைகளெல்லாம் தகும்! சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடு வழியாகப் பாய்ந்தான், வாசல் வரை போனான், வெளியே அடித்த குளிர்காற்றைக் கண்டு அதே வேகத்தில் திரும்பி வந்தான். கனகு அண்ணை கடமை தவறாத நடிகர். சுத்தியலோடு துரத்தினார். “டேய்! பிடியுங்கோ! ஏலம் முடியேல்லை!”

யாரும் பிடிக்கவில்லை. யார் சொல்லியும் இல்லை, முதலில் ஒரு பெண் எழுந்து சேலைத் தலைப்பை விரித்து அவனை மறைத்தாள். பிறகு ஒரு வரிசையே எழுந்தது. கோட்டுக் குவியலுக்குள் அவனைத் தள்ளினார்கள், அங்கிருந்து மேசைக்குக் கீழே, அங்கிருந்து நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்து முன்னால் வந்தான். ஓர் இடத்தில் அவனுடைய பாதம் வெளியே தெரிந்தது. ஒரு குட்டிப்பெண் சட்டென்று அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“கண்டனீங்களோ?” என்று கனகு அண்ணை கேட்டார்.

“காணேல்லை,” என்றார், ஸ்நோ அள்ள ஆள் கேட்டவர்.

“நீங்கள்?”

“காணேல்லை.” பல்லைக் காட்டச் சொன்ன சிநேகிதன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். வெங்கட்ராமன் துரை வேஷத்தை மறந்து, “நான் பாக்கலைங்க, சத்தியமா பாக்கலை,” என்றார். வரிசை வரிசையாக, பிள்ளைகள் உட்பட, எல்லாரும் காணவில்லை.

“என்ன சொல்றாங்க?” என்று மிஸஸ் டாசன் என்னைக் கேட்டார். சொன்னேன். அந்தச் சொல்லை இரண்டு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். அதற்குள் அவர் கோட்டைக் கழற்றிவிட்டிருந்தார். அது அவர் காலடியில் கிடந்தது, உள்ளே ஏதோ குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. கனகு அண்ணை மூச்சு வாங்க அவர் முன்னால் வந்து நின்றார்.

“காணேலே,” என்றார் மிஸஸ் டாசன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நான் அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று தெரியவில்லை.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் சிவபாலன் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். “எங்களை மன்னிக்க வேணும். வகுப்பைப் பற்றி இனி நாங்கள் கேக்க மாட்டம்,” என்றார் ஆங்கிலத்தில். மிஸஸ் டாசன் கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார். சிவபாலன் கையை நீட்டினார். மிஸஸ் டாசன் அந்தக் கையைத் தாண்டிப் போய், கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்த ரஞ்சனிடம் கொடுத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்கிறது நீதான். நீ யாரை உள்ளே விடுறியோ, அவங்க வரட்டும்.”

எல்லாரும் ரஞ்சனைப் பார்த்தோம். விலை கேட்டவர்கள், தோளைப் பார்த்தவர்கள், சுத்தியலோடு கனகு அண்ணை, நான். அவன் சாவியை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தான். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான்.

“முதல்ல என்ர சேட்டைத் தாங்கோ,” என்றான்.

அத்தனை பேரும் குனிந்து தேடத் தொடங்கினோம்.